ஏழாவது ஸ்லைடு

பிப்ரவரி 5, திங்கள்

பேரிங் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மூன்று வாரமாக பீரோ மேல் கிடந்தது. வசந்தாமணி இருந்திருந்தால் இந்நேரம் கோலம் வரைந்தே பாதியை முடித்திருப்பாள். அவள் ஐதராபாத்தில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்று மில் மேனேஜர் ரங்கராஜ் கூப்பிட்டார். "தண்டபாணி, மார்ச் நாலு பாதுகாப்பு நாள். இந்த வருசம் நீங்கதான் பேசோணும்" என்றார். எங்கள் மில்லில் அப்படி ஒரு வழக்கம். எந்த சூப்பர்வைசரின் ஷிப்டில் விபத்து நடந்ததோ, அவர் கேன்டீன் ஹாலில் எல்லோர் முன்னாலும் எழுந்து பேசவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு பாய்லர் நாச்சிமுத்து மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் திணறிவிட்டுக் கும்பிடு போட்டு உட்கார்ந்தார். இந்த முறை கோவையிலிருந்து டைரக்டர்கள் வருகிறார்கள். ஆகவே கும்பிடு போதாது, ஸ்லைடு வேண்டுமாம். பத்து ஸ்லைடு, பன்னிரண்டு நிமிடம்.

விபத்து இதுதான். ஜனவரி 9, பகல் இரண்டு மணி, ஷிப்ட் மாறும் நேரம். பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில், ஆறாம் நம்பர் மிஷினில் கையை விட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார் பிட்டர் மயில்சாமி. மிஷின் ஓடத் தொடங்கியது. வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

மிஷினில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அங்கே உள்ள கொக்கியில் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை மாட்டவேண்டும் என்பது விதி. வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். மாட்டியவரைத் தவிர யாரும் கழற்றக்கூடாது. மயில்சாமியின் நம்பர் முப்பத்திரண்டு. மாட்டினேன் என்கிறார் அவர். கொக்கியில் வில்லை இல்லை, அதனால்தான் சுவிட்சைப் போட்டேன் என்பது என் சாட்சி. வில்லை எங்கும் கிடைக்கவில்லை. மாட்டாமல் பையில் வைத்திருந்தது மிஷினுக்குள் விழுந்து பஞ்சோடு போயிருக்கும் என்று கமிட்டி எழுதிவிட்டது.

என் பேச்சு முடிந்ததும் டைரக்டர்கள் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவார்கள். போட்டுவிட்டால் தவறு மயில்சாமியுடையது, அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கமாட்டார்கள். போடாவிட்டால் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுப்பார்கள்.

ராத்திரிக்கு ரசம் வைத்தேன். புளி ஜாஸ்தி.

பிப்ரவரி 7, புதன்

பேக்கரி மாடியில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். மாலை ஆறு முதல் ஏழு வரை, மூன்று வாரம். மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள். ஐம்பத்தாறு வயது ஆள் உள்ளே நுழைந்ததும் யாரோ ஒருத்தியின் அப்பா கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நடத்துகிறவர் பர்வீன் மேடம். நாற்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

"எதுக்கு சார் கத்துக்கறீங்க?"

"மில்லுல பேசணும்."

"எதைப் பத்தி?"

"பாதுகாப்பு."

"நல்லது சார். முதல்ல மௌஸை விடுங்க, நெரிச்சுக் கொன்னுடுவீங்க போலிருக்கு."

ஸ்பேனர் பிடித்த கை. முப்பத்தோரு வருடப் பழக்கம் லேசில் போகுமா.

பிப்ரவரி 8, வியாழன்

துணி துவைத்தேன். ஒரு மாதமாகத் தனியாக ஒதுக்கிவைத்திருந்த நீலச் சட்டையையும் ஊறப்போட்டேன். போடும் முன் பையைத் தடவி, இருந்ததை எடுத்து சீப்பு டப்பாவில் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

புதுச் சீப்பு வாங்கினேன்.

பிப்ரவரி 12, திங்கள்

இன்று எழுத்தைப் பறக்கவிடக் கற்றுக்கொண்டேன். எந்த வரியையும் இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து வரவைக்கலாம். ஒவ்வொரு எழுத்தாகக் குதித்துக் குதித்தும் வரும். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இதுவரை செய்த ஸ்லைடுகளில் எல்லாவற்றையும் பறக்கவிட்டேன். பர்வீன் மேடம் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"சார், இது பாதுகாப்பு நாளா, கல்யாண ரிசப்ஷனா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

மேடம் சொன்ன மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்கிறேன். ஒரு ஸ்லைடில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். எழுதியிருப்பதையே வாசிக்காதீர்கள், அவர்களுக்கும் கண் இருக்கிறது. திரையைப் பார்த்துப் பேசாதீர்கள், ஆட்களைப் பார்த்துப் பேசுங்கள். முதல் இரண்டும் செய்துவிடலாம்.

மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, எட்டாவது ஸ்லைடில் மட்டும் ஒரு வரியைப் பறக்க விட்டுவைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

வசந்தாமணி போன் செய்தாள். சாப்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். என்ன செஞ்சீங்க என்றாள். தக்காளி சாதம் என்றேன். செய்யவில்லை, பன் தின்றிருந்தேன். பேரன் அழுதான், வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மயில்சாமியைப் பார்க்கப் போனேன். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தது, அப்போது மயக்கத்தில் இருந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டேன். அவர் மனைவி பூங்கொடி நாற்காலி எடுத்துப் போட்டார். மயில்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கட்டு போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். முப்பத்துநான்கு வயது. பதினொரு வருடம் என் ஷிப்டில்தான் இருந்தார். மிஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார்.

"வாங்ணா. மில்லு எப்படிங்க ஓடுது?"

"ஓடுதப்பா."

"ஆறாம் நம்பரு?"

"அதும் ஓடுது."

பூங்கொடி டீ போட உள்ளே போனார். அவர் போகட்டும் என்று காத்திருந்ததுபோல மயில்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, உங்களத்தான் கேக்கோணும்னு இருந்தேன். நான் வில்லைய மாட்டுனேனுங்க. சுவிட்ச அணைச்சேன், மாட்டுனேன், அது ஆடுச்சு, அதப் புடிச்சு நிறுத்துனேன். எல்லாம் ஞாபகமிருக்கு. ஆனா எல்லாரும் இல்லைங்கறாங்க. இவளே, 'நல்லா யோசிச்சுப் பாருங்க'ங்கறா. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங். அது முந்தின நாள் மாட்டுனதா இருக்குமோன்னு. ராத்திரியெல்லாம் அதையே யோசிக்கறேன். நான் மாட்டுனேன்தானுங்களே ணா?"

மருந்து வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். கடை சாத்திவிடுவார்கள் என்று சொல்லி, டீ வரும் முன்பே கிளம்பிவிட்டேன்.

எந்தக் கடை என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

செய்யாமல் விட்டுவைத்திருந்த ஏழாவது ஸ்லைடை இன்று செய்தேன். தலைப்பு: விபத்தின் காரணம். கீழே ஒரே வரி: தொழிலாளி வில்லை மாட்டவில்லை. பக்கத்தில் வெறும் கொக்கியின் படம். விசாரணைக்காக என் போனில் நான்தான் அன்று எடுத்தேன்.

பர்வீன் மேடம் பார்த்துவிட்டு, "இதான் சார் உங்க பெஸ்ட் ஸ்லைடு. ஒரு வரி, ஒரு படம். பாத்ததும் புரியுது" என்றார்.

வகுப்பு முடியும் முன்பே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

நேரம் வைத்து ஒத்திகை பார்ப்பது எப்படி என்று நேற்று மேடம் சொல்லிக்கொடுத்தார். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் திரையின் மூலையில் கடிகாரம் ஓடும். நாம் நிஜமாகவே பேசுவதுபோலப் பேசி ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். எதில் எத்தனை நேரம் ஆனது என்று அது குறித்துக்கொள்ளும்.

மகள் கல்லூரியில் வைத்திருந்த பழைய லேப்டாப்பைத் துடைத்து எடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்து, எதிரே வசந்தாமணியின் நாற்காலியைப் போட்டேன். ஆட்களைப் பார்த்துப் பேசவேண்டும் அல்லவா. மாலை ஐந்து மணிக்கு, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, காலி நாற்காலிக்கு வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். வெளியே இருந்து யாராவது பார்த்திருந்தால் மகளுக்குப் போன் போட்டிருப்பார்கள்.

ஆறு ஸ்லைடு வரை சரளமாக வந்தது. ஏழில் கொஞ்சம் தாமதம், பால்காரர் வந்துவிட்டார். மிச்சத்தை முடித்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் சொச்சம் என்று காட்டி, வைத்துக்கொள்ளவா என்று ஒரு கட்டம் கேட்டது. வேலையைச் சேமிக்கக் கேட்கிறது என்று நினைத்து ஆம் என்று அழுத்தினேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பர்வீன் மேடம் என் பைலைத் திறந்தார். எல்லா ஸ்லைடும் சின்னச் சின்னதாக வரிசையில் தெரியும்படி வைத்தார். ஒவ்வொன்றின் கீழும் நேரம் எழுதியிருந்தது. நாற்பது வினாடி, ஐம்பது, ஒரு நிமிடம். ஏழாவதின் கீழ் 4:12.

"ஏழாவதுல தூங்கிட்டீங்களா சார்?"

"கேஸ் சிலிண்டர் வந்துச்சு மேடம்."

"சரி. ஆனா இந்த டைமிங் பைலோட சேந்துருச்சு. இப்படியே போட்டீங்கன்னா, நீங்க பேசினாலும் பேசாட்டியும் ஸ்லைடு அது பாட்டுக்கு இந்த நேரத்துக்குத் தானா மாறும். எடுத்துடட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

வேண்டாம், வீட்டில் இன்னொரு முறை ஒத்திகை பார்த்து நானே சரிசெய்துகொள்கிறேன் என்றேன். மேடம் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். பிறகு முன்வரிசைப் பெண்களிடம் போய்விட்டார்.

மார்ச் 1, வெள்ளி

வகுப்பு முடிந்தது. எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். பெண்கள் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு கொடுத்து, "ஆல் தி பெஸ்ட் அங்கிள்" என்றார்கள். இந்த மூன்று வாரமும் மாலை ஆறு மணிக்குப் போக ஓர் இடம் இருந்தது. நாளை முதல் அதுவும் கிடையாது.

மார்ச் 3, ஞாயிறு

நாளைக்குப் பேச்சு. காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். மின்விசிறி இறக்கை துடைத்தேன். இட்லிக்கு அரிசி போட்டு, சாயந்திரம் ஆட்டி வைத்தேன். சமையலறைக் குழாய் வாஷர் மாற்றினேன். மத்தியானம் சும்மா படுத்துக்கிடந்தேன். மகளின் பழைய புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கினேன்.

ஸ்லைடு நேரத்தைச் சரிசெய்ய நேரமில்லை.

நீலச் சட்டையைத் தேய்த்தேன். சீப்பு டப்பாவைத் திறந்தேன்.

மார்ச் 4, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கேன்டீன் ஹாலில் இருநூறு பேர். முன்வரிசையில் ரங்கராஜும், கோவையிலிருந்து வந்த மூன்று டைரக்டர்களும். அவர்களில் ஒருவர் வயதான அம்மா, நரைத்த தலை, கையில் பேனா. அவர் முன்னால் மேஜையில் அந்த அறிக்கை இருந்தது.

வணக்கம் சொன்னேன். மைக் கீச்சிட்டது. அதைச் சரிசெய்வதற்குள் முதல் ஸ்லைடு போய் இரண்டாவது வந்துவிட்டது. பதறிப்போய் அதைப் பேச ஆரம்பித்தால், பாதியில் மூன்றாவது வந்தது. வீட்டில் தனியாக இருந்தபோது வேகமாகப் பேசியிருக்கிறேன் போல. கீ அழுத்திப் பின்னால் கொண்டுபோனேன், அது மறுபடியும் முன்னால் ஓடியது. ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஸ்லைடு அண்ணனை ஓவர்டேக் பண்ணுதுப்பா" என்று ரிங் பிரேம் பிரிவு ஆட்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. வேர்த்து ஊற்றியது. துரத்திக்கொண்டே ஆறு வரை போய்விட்டேன்.

ஏழாவது வந்தது. வந்து நின்றது.

தொழிலாளி வில்லை மாட்டவில்லை. வெறும் கொக்கி, சுவர் முழுக்கப் பெரிதாக.

சிரிப்பு அடங்கியது. ஸ்லைடு நகரவில்லை. எனக்கு அது எத்தனை நேரம் நிற்கும் என்று தெரியும். இந்த வரியை வீட்டில் சொல்ல முயன்றபோது வசந்தாமணியின் நாற்காலி முன்னால் அழுதுகொண்டு நின்றிருந்தேன். பால்காரரும் வரவில்லை, சிலிண்டரும் வரவில்லை.

"அடுத்தது போடுங்க தண்டபாணி" என்றார் ரங்கராஜ்.

கீயை ஒரு தட்டுத் தட்டினால் போதும். கை கீக்குப் போகாமல் சட்டைப் பைக்குப் போனது. வில்லையை எடுத்து மேஜையில் வைத்தேன். மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

"இது முப்பத்திரெண்டாம் நம்பர் வில்லை. மயில்சாமி மாட்டியிருந்தார். நான்தான் கழட்டினேன்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஷிப்ட் முடியும்போது சிலர் வில்லையை மறந்து தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஆளைத் தேடி வீட்டுக்கா போக முடியும்? நம்பரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிடுவோம், பதில் வராவிட்டால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வோம், மறுநாள் திட்டிக் கொடுப்போம். நான் மட்டுமில்லை, எல்லா சூப்பர்வைசரும் இருபது வருடமாகச் செய்வதுதான். விதிப் புத்தகத்தில் கிடையாது. அன்று ஆறாம் நம்பர் ஒரு மணி நேரமாக நின்றிருந்தது. சங்கு ஊதிவிட்டது. முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று கூப்பிட்டேன். பக்கத்து மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. சுவிட்ச் இருக்கும் தூணிலிருந்து ஆறாம் நம்பருக்குப் பன்னிரண்டு அடிதான். போய்ப் பார்க்கவில்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

"ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜர் சார் வில்லை இருந்துச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கப்புறம் அதை மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. மயில்சாமி என்னையே கேட்டார், நான் மாட்டுனேன்தானே என்று. அப்போதும் சொல்லவில்லை."

"தண்டபாணி, போதும், உக்காருங்க" என்றார் ரங்கராஜ்.

"அவர் முடிக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

முடிக்க வேறொன்றுமில்லை. அந்த நேரத்தில் ஸ்லைடு தானாக மாறியது. எட்டாவதில் நான் விட்டுவைத்திருந்த வரி ஒவ்வொரு எழுத்தாகக் குதித்துக் குதித்து வந்தது: நம் உயிர் நம் சக தொழிலாளியின் கையில். கடைசி எழுத்து வரும்வரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

நான் மில் வாசலிலிருந்து நேராக மயில்சாமி வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது. பூங்கொடி வாசற்படியில் நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

உள்ளேயிருந்து மயில்சாமியின் குரல் வந்தது. என்னிடம் இல்லை, மனைவியிடம்.

"நான் மாட்டுனேன்னு சொன்னேனில்ல புள்ள."

பூங்கொடி, "ஆமாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கதவில் சாய்ந்து அழுதார். நான் திரும்பி நடந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

வசந்தாமணிக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏனுங்க, அவரு இப்ப எந்தக் கையில சாப்புடறாரு?"

எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு மாதத்தில் அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 6, புதன்

இட்லி மாவு புளித்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

பர்வீன் மேடம் போன் செய்தார். பேச்சு எப்படிப் போனது என்று கேட்டார். ஸ்லைடு தானாக ஓடிவிட்டது என்றேன்.

"எடுத்துடறேன்னு சொன்னேனே சார்."

"ஆமா மேடம். சொன்னீங்க."

மார்ச் 28, வியாழன்

கடிதம் வந்தது. சூப்பர்வைசர் பதவி போயிற்று. ஓய்வு பெற இருக்கும் இரண்டு வருடமும் பிட்டராக வேலை பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தோரு வருடத்துக்கு முன்பு சேர்ந்த அதே இடம். மயில்சாமிக்கு ஸ்டோரில் வேலை, வில்லைகளையும் கருவிகளையும் கொடுத்து வாங்கும் ஜன்னலில். இனி வில்லையைப் பிறர் கழற்றினால் வேலை நீக்கம் என்று எல்லாச் சுவிட்சுகளிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

வசந்தாமணி மே மாதம் வருகிறேன் என்கிறாள். பார்க்கலாம்.

ஏப்ரல் 15, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். பழைய தோழர்கள் யாரும் டீக்குக் கூப்பிடவில்லை. மற்ற சூப்பர்வைசர்களின் வழக்கத்தையும் நான்தான் சபையில் உடைத்துவிட்டேன், அவர்களுக்கும் கோபம் இருக்கும். தனியாகக் குடித்தேன்.

பிட்டர் என்றால் வில்லை வாங்கவேண்டும். ஸ்டோர் ஜன்னலில் வரிசை. என் முறை வரும்வரை கீழேயே பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது மயில்சாமி. வலது கை மேஜைக்குக் கீழே இருந்தது. இடது கையால் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். என் பெயரை இடது கையால் எழுதியிருந்தார். எழுத்துகள் கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போயின. கையெழுத்துப் போட்டேன்.

அவர் பலகையில் இருந்து ஒரு வில்லையை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். புதியது, எண்பத்தொன்று. கையில் எடுத்துக்கொண்டேன். போகத் தோன்றவில்லை. பின்னால் இருப்பவர் இருமினார்.

"எந்த மிஷினுங்க?" என்றார் மயில்சாமி. அண்ணா என்று சொல்லவில்லை.

"ஆறு" என்றேன்.

அவர் அதை ரிஜிஸ்டரில் எழுதினார். ஆறு என்று எழுத அந்தக் கைக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மாட்டிட்டு நிம்மதியா வேலையப் பாருங்க. யாரும் கழட்ட மாட்டாங்க."

ஆறாம் நம்பருக்குப் போனேன். தூணில் சுவிட்சை அணைத்து வில்லையை மாட்டினேன். அது ஆடியது. பிடித்து நிறுத்தினேன். பிறகு பன்னிரண்டு அடி நடந்துபோய் உள்ளே கையை விட்டேன்.